கட்டி எல்லாம் புற்றல்ல. உப்பசம் எல்லாம் வாயுவுமல்ல
(மாதர் நல அமர்வில் மகளிர் நல மருத்துவர் ஆற்றிய உரை)





ஸ்கேனில் 'சினைப்பையில் கட்டி' என்று வந்தால் வீடே அழுகிறது. மாதக்கணக்கில் வயிறு உப்பினாலோ, 'வாயு' என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறோம். இரண்டுமே சரியல்ல.

சினைப்பை வாதாம்பருப்பு அளவுதான். மாதந்தோறும் அதில் ஒரு குமிழ் சுமார் 2 செ.மீ. வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியிடும். வெடிக்காவிட்டால் நீர்க்கட்டியாகத் தங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே வற்றிவிடும். இளம்பெண்களுக்குச் சொல்லப்படும் 'பிசிஓடி' முதிராத முட்டைக் குமிழ்களே, புற்றல்ல. 'டெர்மாய்டு' கட்டிக்குள் முடியும் பல்லும்கூட இருக்கும். அது செய்வினை அல்ல. முட்டைச் செல்லிலிருந்தே வளர்வது. இத்தகைய சாதாரணக் கட்டிகள் பெருத்தாலும் வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. முறுக்கிக்கொண்டால் திடீரெனக் கடும் வலி வரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புற்று அப்படியல்ல. அதிகம் காணப்படும் வகை, பலருக்குக் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது. கெட்ட செல்கள் உதிர்ந்து, சினைப்பையில் ஒட்டி, வயிற்றின் உள்சவ்வில் பரவி, நீர் கோக்கச் செய்கின்றன. வயிற்றுக்குள் இடம் தாராளம். ஆரம்பத்தில் வலி தெரியாது. கர்ப்பப்பை வாய்க்கான 'பாப்' சோதனையும் இதைக் காட்டாது.

ஆகவே புதிதாக வயிறு உப்புதல், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் எடுங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் தாமதிக்கவே கூடாது. தாய்வழியிலோ தந்தைவழியிலோ மார்பக, சினைப்பைப் புற்று இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மெல்லிய உறை, தெளிந்த நீர் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. திடப்பகுதி, தடித்த தடுப்பு, வயிற்றில் நீர் என்றால் சந்தேகம். சிஏ-125 ரத்த அளவு வயிற்றுக் காசநோயிலும் கூடும். அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சந்தேகக் கட்டியை முடிந்தவரை உடையாமல் முழுதாக எடுக்க வேண்டும். அதனால் புற்றுநோய் அறுவை நிபுணரிடமே போங்கள்.

'மச்சான் சபுரிலிருந்து வரட்டும்', 'ஆண் டாக்டர் பார்ப்பாரே' என்று தள்ளிப்போடாதீர்கள். தஞ்சை ராசா மிராசுதார் அரசு மருத்துவமனைக்குப் போய், பெண் மருத்துவரைக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உம்மாவுக்கு வயிறு உப்பியிருந்தால், இன்றிரவே கேளுங்கள்: எத்தனை நாளாக?