பிரியதத்தம்



நம் வீட்டுப் பாட்டிமார் பழைய முறையில் செபமாலை சொல்லக் கேட்டவர்களுக்குப் 'பிரியதத்தம்' என்ற சொல் நினைவிருக்கும். இன்று மங்கள வார்த்தைச் செபத்தில் 'அருள்' என்று சொல்லும் இடத்தில் அன்று இருந்த சொல் அது. பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுத்தது. அன்பினால் கொடுக்கப்பட்டது என்று பொருள். இறையருளைப் பற்றி இதைவிடச் சுருக்கமான மறைக்கல்வி வேறில்லை. அது கூலியல்ல, கொடை.

ஆனால் அன்றாடப் பேச்சில் நாம் அருளை எதற்கெல்லாம் சொல்கிறோம்? 'கடவுள் அருளால் பையனுக்கு வேலை கிடைத்தது', 'அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது' என்கிறோம். நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் வேலை கிடைக்காத அடுத்த வீட்டுப் பையனுக்கு அருள் இல்லையா?

நம் கடற்கரையில் இந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டுவிட முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள்; திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடிய நாள். அன்று காலையில் கடல் பட்டினச்சேரிக்குள் வந்தது. தெற்கே, நாகப்பட்டினத்துக்கு அப்பால் வேளாங்கண்ணியில், திருப்பயணமாக வந்திருந்தவர்களையும் அலை கொண்டுபோயிற்று. அவர்களும் அருளைத் தேடி வந்தவர்கள்தானே?

தப்பியவர்கள், 'கடவுள் அருளால் பிழைத்தோம்' என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? அவளுக்கு மட்டும் அருள் குறைந்துவிட்டதா? அவள் செய்த பாவமா?

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார் (லூக்கா 13). இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மனம் மாறச் சொன்னது உயிரோடு நின்று கேட்டவர்களைத்தான்.

அன்னை மரியாவைப் பாருங்கள். அருள் நிறைந்தவர் என்று வானதூதர் அவரை வாழ்த்தினார். அந்த நிறைவு அவரை எதிலிருந்து விலக்கியது? பிள்ளை பெற விடுதியில் இடமில்லை. கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓட வேண்டியிருந்தது. முடிவில் மகனின் சிலுவையடியில் நின்றார். துன்பம் வராமல் காப்பதுதான் அருள் என்றால், மரியாவைவிட அருள் குறைந்தவர் யாருமில்லை என்று சொல்ல வேண்டிவரும்.

திருத்தூதர் பவுலும் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை. அருளே போதும் என்ற பதில்தான் கிடைத்தது.

அப்படியானால் அருள் எது? கடவுள் தம்மையே நமக்குக் கொடுப்பது. திருமுழுக்கில் நாம் பெற்றது அவருடைய வாழ்வில் பங்கு. அதை நாம் சம்பாதிக்கவில்லை. ஆகவே துன்பம் வந்து அதைப் பறித்துக்கொள்ளவும் முடியாது. நாமே சாவான பாவத்தால் அதைத் தள்ளிவிட்டாலும், ஒப்புரவு அருளடையாளத்தில் அவர் மறுபடியும் கொடுக்கிறார்.

அந்த அருள் நம்மைச் சும்மா இருக்க விடாது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் ஆலயங்களும் கதவைத் திறந்தன. இன்ன மதம், இன்ன சாதி என்று கேட்காமல் சோறு பொங்கிப் போட்டார்கள். தூய ஆவியார் திருச்சபையின் எல்லைக்கு வெளியிலும் செயல்படுகிறார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்ததை நம் மக்கள் கண்ணால் கண்டார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 கொடியேற்றத்தை ஒட்டி, காவி உடுத்திய திருப்பயணிகள் நம் ஊர் வழியே வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள். கேட்டது கிடைத்து நேர்ச்சை செலுத்தப் போகிறவரும், பல ஆண்டு கேட்டும் கிடைக்காதவரும் ஒரே சாலையில்தான் நடக்கிறார்கள். கிடைக்காதவரைப் பார்த்து, 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்று நாம் ஒருபோதும் சொல்ல வேண்டாம். துக்க வீட்டிலும் அந்தச் சொல் வேண்டாம். பக்கத்தில் உட்காருவோம், ஒரு வாய் தண்ணீர் கொடுப்போம். இலவசமாகப் பெற்றவர்கள் நாம்; கணக்குப் பார்க்காமல் கொடுக்கவும் கற்றுக்கொள்வோம்.

சிலுவையடியில் நின்ற அருள் நிறைந்த அன்னை, கடலில் உறவுகளை இழந்த ஒவ்வொரு வீட்டுக்காகவும் பரிந்து பேசுவாராக. ஆமென்.