மாத்திரை போட்டாச்சா? ஒரு கேசியோ வாட்சுக்குள் எழுதிய புரோகிராம்

இன்னிக்கு நான் பேசப்போறது ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றி. ஸ்மார்ட்வாட்ச் இல்ல. கறுப்புப் பட்டை, சாம்பல் நிறத்தில் சின்ன திரை, மூணு பட்டன், ஓரத்தில் மங்கலா ஒரு பச்சை லைட். பேர் கேசியோ எஃப்-91டபிள்யூ. பேர் தெரியாதவங்களும் படத்தைப் பார்த்தா, "அட, இதுவா!"ன்னு சொல்லிடுவீங்க. உங்க மாமாவோ ஸ்கூல் பிடி மாஸ்டரோ கட்டியிருப்பாங்க.

1989-ல் வந்த மாடல் இது. ரியூசுகே மொரியாய் என்ற ஜப்பானிய வடிவமைப்பாளர் கேசியோவுக்காக வடிவமைத்த முதல் வாட்ச். இன்னிக்கும் அதே வடிவத்தில் விற்குது. எடை 21 கிராம். உள்ளே ஒரு சிஆர்2016 பட்டன் பேட்டரி. அது ஏழு வருஷம் வரும்னு கம்பெனியே சொல்லுது.

இந்த வாட்சின் மூளையை மாற்றி, அதில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன்.

எங்க அப்பாவுக்கு சுகர். காலையில் சாப்பிடறதுக்கு முன்னாடி கிளிமிப்பிரைடு மாத்திரை ஒண்ணு. உடம்பில் இன்சுலினை அதிகமாகச் சுரக்க வைக்கிற வகை. இதில் ஒரு நாள் விட்டுப்போனா சுகர் கொஞ்சம் ஏறும். ஆனா ஒரே காலையில் ரெண்டு தடவை போட்டுட்டா, சுகர் தாறுமாறா இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், குழப்பம் வரும், மயக்கம்கூட வரலாம். அதாவது, மறப்பதைவிட மறந்ததா நினைச்சு மறுபடி போடறதுதான் பெரிய ஆபத்து.

இதை யோசிச்சுப் பாருங்க. ஃபோனில் இருக்கிற அலாரமும் ரிமைண்டரும் எல்லாமே "இப்ப போடு"ன்னுதான் சொல்லுது. எங்க அப்பாவுக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டாம். இட்லித் தட்டைப் பார்த்தாலே மாத்திரை ஞாபகம் வந்துடும். அவர் தினமும் அம்மாகிட்ட கேட்கிற கேள்வி வேற: "ஏம்மா, நான் மாத்திரை போட்டேனா?" தினமும் செய்யற வேலைக்கு இதுதான் பிரச்சினை. நேத்து போட்டதும் இன்னிக்குப் போட்டதும் மனசில் ஒரே மாதிரி பதிஞ்சிருக்கும். அம்மா பக்கத்தில் இருந்தா பதில் கிடைக்கும். அவர் தாம்பரத்தில் அத்தை வீட்டில் நாலு நாள் இருந்தா?

ஏழு கட்டம் போட்ட மாத்திரை டப்பா இருக்கேன்னு கேட்பீங்க. நல்ல பொருள், வீட்டில் வாங்கி வெச்சிருக்கோம். ஆனா அப்பா வெளியே கிளம்பினா மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டுப் போயிடுவார். டப்பா மேஜையிலேயே இருக்கும். அவர் எங்க போனாலும் கூடவே போறது கையில் கட்டியிருக்கிற வாட்ச்தான். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

சரி, இந்த வாட்சில் எப்படி புரோகிராம் எழுதறது? ஒரிஜினல் போர்டில் முடியாது. அதில் சிப் ஒரு கறுப்புப் பசைத்துளிக்கு அடியில் மூடியிருக்கும். தொழிற்சாலையில் என்ன எழுதினாங்களோ அதுதான் கடைசி வரைக்கும். இங்கதான் ஜோயி காஸ்டில்லோ என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வர்றார். அவர் 'சென்சார் வாட்ச்'னு ஒரு போர்டு செய்தார். எஃப்-91டபிள்யூவின் பழைய போர்டு இருக்கிற இடத்தில் அச்சு அசலா உட்காருகிற அளவு. கூடு, திரை, பட்டன் எல்லாம் பழையதே. மூளை மட்டும் புதுசு. வன்பொருள் வரைபடம், கோட் எல்லாமே திறந்த மூலம்.

அதில் இருக்கிற சிப் மைக்ரோசிப் கம்பெனியின் சாம் எல்22. புரோகிராமுக்கான இடம் 256 கிலோபைட். உங்க ஃபோனில் எடுக்கிற ஒரு ஃபோட்டோவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனா ஒரு வாட்சுக்கு இது பெரிய பங்களா. போர்டை யுஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோட இணைச்சு, ரீசெட் பட்டனை ரெண்டு தட்டு தட்டினா, பென்டிரைவ் மாதிரி திரையில் வரும். நீங்க எழுதின புரோகிராம் ஃபைலை அதில் இழுத்துப் போட்டா வேலை முடிஞ்சது.

எழுதறது சி மொழியில். 'மூவ்மென்ட்'னு ஒரு கட்டமைப்பு தயாரா இருக்கு. சாவி கொடுக்கிற கடிகாரத்தின் உள் இயந்திரத்துக்கு வழங்குகிற பெயர் அது. நேரம், ஸ்டாப்வாட்ச், சூரிய உதயம் என்று ஒவ்வொரு வசதியும் ஒரு 'ஃபேஸ்'. மோட் பட்டனை அழுத்தினா அடுத்த ஃபேஸ். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நாலே வேலை: முதல் தடவை தயாராவது, திரைக்கு வருவது, நடக்கிற நிகழ்வுக்கு பதில் சொல்வது, விலகிப் போவது. நான் பகலில் வேலைக்காக எழுதற கோடில் எத்தனை லைப்ரரி உள்ளே இருக்குன்னு எனக்கே தெரியாது. இங்க என் ஃபேஸின் ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு என்னால் சொல்ல முடியும்.

இப்ப திரைக்கு வருவோம். இது படம் காட்டற திரை இல்ல. கண்ணாடிக்குள் ஏற்கெனவே பொறிச்ச கோடுகள். எந்தக் கோடு தெரியணும், எது மறையணும் என்பது மட்டும்தான் நம்ம கையில். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கு. நிமிஷத்தின் முதல் இலக்கத்தை எடுத்துக்குங்க. அந்த இடத்தில் 0 முதல் 5 வரைதான் வர முடியும், ஏன்னா 59 நிமிஷத்துக்கு மேல் கிடையாது. 0, 2, 3, 5 எல்லாத்திலும் மேல் கோடும் இருக்கும், கீழ்க் கோடும் இருக்கும். 1, 4 ரெண்டிலும் ரெண்டுமே இருக்காது. அப்ப அந்த ரெண்டு கோட்டுக்கும் எதுக்குத் தனித்தனி வயர்? கேசியோ பொறியாளர்கள் ரெண்டையும் ஒண்ணா இணைச்சுட்டாங்க. மணியின் முதல் இலக்கத்திலும் இதே கதை. விளைவு, அந்த ரெண்டு இடத்திலும் ஒழுங்கான 7 வராது. 7-க்கு மேல் கோடு வேணும், கீழ்க் கோடு கூடாது. அதனால சென்சார் வாட்ச் கோடில் அந்த இடங்களுக்கு மட்டும் வேறு வடிவத்தில் ஒரு 7 எழுதி வெச்சிருக்காங்க.

இதை ரசிச்சுச் சொல்றேன்னாலும், இது எனக்கு ஒரு பாடம். இந்தத் திரை மணி காட்டத்தான் பிறந்தது. அதுகிட்ட மணியைக் கேட்டா அழகா சொல்லும்.

அடுத்தது பேட்டரி. ஒரு சிஆர்2016-ல் சுமார் 90 மில்லி ஆம்பியர்-மணி சக்தி இருக்கு. ஏழு வருஷம் வரணும்னா, கணக்குப் போட்டுப் பாருங்க, சராசரியா ஒன்றரை மைக்ரோ ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. அதாவது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு! நம்ம போர்டு சராசரியா 10 மைக்ரோ ஆம்பியர் எடுத்தா, 9,000 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு வருஷம். லைட்டுக்கு 2 மில்லி ஆம்பியர்னு வெச்சுக்கிட்டா, ஒரு வினாடி லைட் எரியறதும் 200 வினாடி வாட்ச் ஓடறதும் ஒரே செலவு. அதனால சிப் பெரும்பாலான நேரம் தூங்கணும். 32,768 தடவை துடிக்கிற ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் மட்டும் விழிச்சிருக்கும். அந்த எண்ணைப் பதினைஞ்சு தடவை பாதியாக்கினா சரியா ஒண்ணு வரும். அதுதான் ஒரு வினாடி.

இந்த ரெண்டு கட்டுப்பாட்டையும் வெச்சுக்கிட்டு, ரெண்டு மாதிரி எழுதி அப்பாகிட்ட கொடுத்தேன். முதல் மாதிரி, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு காட்டும்: 3 மணி 20 நிமிஷம். ரெண்டாவது, எத்தனை மணிக்குப் போட்டார்னு காட்டும்: 7:50. அப்பா ஒரு வாரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தார்.

"மூணே கால் மணி நேரம்னா நான் கழிச்சுப் பார்க்கணும்டா. ஏழு அம்பதுன்னா, ஆமா, பேப்பர் படிச்சு முடிச்ச நேரம்னு தெரியும்."

அவர் சொன்னதில் இன்னொரு லாபமும் இருந்தது. 'எவ்வளவு நேரம் ஆச்சு' என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். சிப் எழுந்து எழுந்து எழுதணும். 7:50 மாறவே மாறாது. ஒரு தடவை எழுதிட்டுத் தூங்கிடலாம். மனுஷருக்கு எது எளிதோ அதுவே பேட்டரிக்கும் எளிதா அமைஞ்சது.

அப்புறம்தான் நிஜமான யோசனை. இந்த வாட்சுக்கு அப்பா மாத்திரையை விழுங்கினாரான்னு தெரியாது. பட்டனை அழுத்தினாரான்னுதான் தெரியும். அப்ப எது முதல்ல? விழுங்கிட்டு அழுத்தறதா, அழுத்திட்டு விழுங்கறதா?

விழுங்கிட்டு, அழுத்த மறந்தா, வாட்ச் 'இன்னும் போடல'ன்னு சொல்லும். அவர் நம்பி இன்னொண்ணு போடுவார். அழுத்திட்டு, விழுங்க மறந்தா, ஒரு நாள் மாத்திரை விட்டுப்போகும். ரெண்டில் எந்தத் தவறு தாங்கக்கூடியது? டாக்டர்கிட்டயே கேட்டோம். "சந்தேகம் வந்தா மறுபடி போடாதீங்க, குளுக்கோமீட்டரில் பாருங்க"ன்னார். அது எங்க அப்பாவுக்கு, அந்த மாத்திரைக்கு அவர் சொன்னது. வேற மாத்திரைக்கு வேற பதில் இருக்கும், உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. எங்க வீட்டு விதி இதுதான்: முதல்ல பட்டன், அப்புறம் மாத்திரை.

அந்தப் பட்டனும் சும்மா பட்டா பதியாது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கணும். பதிஞ்சா ஒரு 'பீப்'. சட்டைக் கை உரசியோ, தூக்கத்திலோ தானா பதிஞ்சுடக் கூடாது.

ராத்திரி 12 மணி தாண்டினா அந்த 7:50 போய், நாலு சின்னக் கோடு மட்டும் வரும். இன்னிக்கு இன்னும் அழுத்தலன்னு அர்த்தம். ஆனா பேட்டரி மாத்தினா? வாட்சுக்கு எல்லாம் மறந்துபோகும். அப்பவும் அதே கோடுகளைக் காட்டினா அது பொய். 'இன்னும் போடல' என்பதும் 'எனக்குத் தெரியாது' என்பதும் வேற வேற பதில். அதனால பேட்டரி மாத்தினதும் எல்லாக் கோடும் தெரியற மாதிரி 88:88 காட்டும். அப்படி ஒரு மணி உலகத்திலேயே கிடையாது, யாரும் அதை நேரம்னு நம்ப மாட்டாங்க. 88:88 வந்தா வாட்சை நம்பாதே, அம்மாவுக்கு ஃபோன் பண்ணு.

மொத்த புரோகிராமும் நூறு வரியைத் தொடல. எழுதினது ஒரு சனிக்கிழமை. எதைக் காட்டணும், எதை முதல்ல செய்யணும், தெரியாதபோது என்ன சொல்லணும்னு முடிவு பண்ணத்தான் ஒரு மாசம் ஆச்சு. சின்ன திரையும் மூணு பட்டனும் இருந்ததால்தான் அந்தக் கேள்விகள் முன்னாடி வந்து நின்னது. ஃபோன் ஆப்பா செஞ்சிருந்தா கேலண்டர், கிராஃப், ஷேர் பட்டன்னு ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போயிருப்பேன்.

நீங்களும் முயற்சி பண்ணணும்னா, முதல்ல எதையும் வாங்க வேண்டாம். சென்சார் வாட்சுக்குப் பிரவுசரிலேயே ஓடற சிமுலேட்டர் இருக்கு. எழுதி, அதில் மூணு பட்டனையும் அழுத்திப் பாருங்க. பிடிச்சா போர்டு வாங்குங்க. வாட்சின் பின்மூடியில் நாலே நாலு சின்ன திருகு. திறக்கும்போது ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. பஸ்ஸரைத் தொடுகிற ஒரு ஸ்பிரிங் உள்ளே இருக்கு, கடுகு அளவுதான், பறந்துடும். வெள்ளைத் துணி விரிச்சுக்கிட்டு உட்காருங்க. மூடும்போது ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க, இல்லன்னா முதல் மழையிலேயே தண்ணி இறங்கிடும்.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. உங்க வீட்டில் யாராவது ஒருத்தர் தினமும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. கேஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா, கதவைப் பூட்டினேனா. ஒரு வாரம் அதைக் கவனிச்சு, அவங்க வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி வைங்க. கோட் அதுக்கப்புறம் எழுதிக்கலாம்.