கத்தரி யார் கையில்?



பனியன் ஊரிலே பேசுகிறேன். ஆகவே துணியிலிருந்தே தொடங்குகிறேன். கட்டிங் மேசையடியில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளில் வெள்ளை 15, கறுப்பு 10 பொறுக்கி எடுங்கள். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடப்புறம் மூன்று வெள்ளை, வலப்புறம் இரண்டு கறுப்பு. துண்டு ஒன்று, வாக்கு ஒன்று. இவற்றை ஐந்தைந்தாகப் பிரித்து ஐந்து தொகுதிகள் அமைக்க வேண்டும். ஒரே தொகுதியின் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். அவ்வளவே விதி.

குறுக்கே கோடிழுத்தால் ஐந்தும் வெள்ளைக்கே. மேலிருந்து கீழாக இழுத்தால் வெள்ளைக்கு மூன்று, கறுப்புக்கு இரண்டு, வாக்குக்கேற்ற வெற்றி. இனிக் கோட்டை வளைத்து நெளித்து இழுத்துப் பாருங்கள்! மூன்று தொகுதிகளில் மும்மூன்று கறுப்பை நிறுத்தி, எஞ்சிய இரண்டிலே வெள்ளையை மூட்டையாகக் குவித்துவிட்டால், கறுப்பு மூன்று இடங்களைப் பிடித்து அரியணை ஏறிவிடுகிறது. கள்ள வாக்கு விழவில்லை. பெட்டி களவு போகவில்லை. ஆயினும் 15 தோற்றது, 10 வென்றது!

விளையாட்டுத்தானே என்பீர்கள். விளையாட்டேதான். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2007இல் இதனைக் கணினி விளையாட்டாகவே செய்து வெளியிட்டனர். ஆனால் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலே 1812இல் எல்பிரிட்ஜ் ஜெர்ரி என்ற ஆளுநர் ஒப்பமிட்ட சட்டம் விளையாட்டன்று. அவர் கட்சி வாக்கிலே பின்தங்கியும், மாநில மேலவையின் 40 இடங்களில் 29ஐப் பெற்றது. நெளிந்து கிடந்த ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தை ஒத்திருந்ததால், அவர் பெயரையும் அதன் பெயரையும் ஒட்டி ‘ஜெர்ரிமாண்டர்’ என்று பட்டம் சூட்டினர். அதே ஆண்டு ஆளுநர் தேர்தலில் ஜெர்ரி தோற்றார் என்பது வேறு கதை!

நம் ஊருக்கு வருவோம். திருப்பூர் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் எட்டு. இந்த எட்டும் எத்தனை நாடாளுமன்றத் தொகுதிகளில் கிடக்கின்றன தெரியுமா? ஐந்தில்! திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டுமே திருப்பூர்த் தொகுதியில். காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டில். உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில். பல்லடம் கோவையில். அவிநாசியோ, மலையேறி நீலகிரியில்! திருப்பூர்த் தொகுதியின் மற்ற நான்கு, பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி ஆகியவை, ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவை.

சதி என்று முழங்கத் துடிக்கும் தோழர்களைச் சற்றே பொறுக்கச் சொல்வேன். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வகுத்த எல்லைகள் நடைமுறைக்கு வந்தது 2008இல். கோவை, ஈரோடு மாவட்டங்களைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009இல். கோடு முந்தியது, மாவட்டம் பிந்தியது. ஆனால் தெரியாமல் வெட்டினாலும் துணி வெட்டுப்பட்டதுதானே?

ஐவர் குரல் கொடுத்தால் நல்லதல்லவா என்று கேட்பார் உண்டு. நூல் விலை ஏறி நிட்டிங் எந்திரம் நிற்கும் நாளில், நீலகிரி உறுப்பினருக்குத் தேயிலையின் கவலையும் உண்டு. பொள்ளாச்சி உறுப்பினருக்குத் தென்னையின் கவலையும் உண்டு. ஐவருக்கும் பொதுவான வேலை எவருக்கும் முதல் வேலையன்று என்பதை வீட்டிலேயே நாம் கண்டிருக்கிறோம்.

இடங்களின் எண்ணிக்கையோ இன்னும் பெரிய கணக்கு. 1962 தேர்தலில் 41 மக்களவை இடங்கள் பெற்றிருந்த தமிழகம், 1967இல் 39 ஆகக் குறைந்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் இடமிழக்கக் கூடாதென்று, 1976இல் 42ஆம் திருத்தம் எண்ணிக்கையை உறையவைத்தது. 84ஆம் திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அதைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். உள்ளூர்க் கோட்டைப் பற்றியோ பேசுவாரில்லை.

2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபத்துக்கு நாள் குறித்து, பொது அமர்விலே கேட்டாக வேண்டும். இறுதி ஆணை வந்தபின் அரசியலமைப்பின் 329ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால் வழக்குமன்றக் கதவு எளிதில் திறவாது. அத்தகைய அமர்வு கூடும் நாளில், முழக்க அட்டையைவிட, வார்டுகளும் வாக்காளர் தொகையும் குறித்த வரைபடமே உங்களுக்குத் துணை.

அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்த 25 துண்டுகளையும் பரப்புங்கள். புதிதாய் வந்த தோழரிடம் கறுப்பை வெல்லவைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு.