கைக்கு வாட்டமான கத்தி



ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் எழுதுவது என் அலுவல். ஹைதராபாத்தில் வாழ்வதால் ஒரே நாளில் நான்கு மொழிகள் என் காதில் விழுகின்றன. இடக்கையைப் பற்றி எந்த மொழி என்ன கூறுகின்றது என்பதை நான் சற்றுக் கூர்ந்து கவனிப்பதுண்டு. காரணம், நானே இடக்கைப் பழக்கம் உடையவன். ஆங்கிலத்தில் கைத்திறனைக் குறிக்கும் சொல் ஒன்று, வலப்பக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தீக்குறியைக் குறிக்கும் சொல்லோ இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் தமிழில் வழங்கும் 'பீச்சாங்கை'யிலும் மதிப்பு ஏதும் இல்லை. இந்தியிலும் உருதுவிலும் மிக எளிய காரியத்தை 'இடக்கை விளையாட்டு' என்பார்கள். இதுவும் புகழ்ச்சியன்று, வலுவற்ற அந்தக் கையே செய்து முடித்துவிடும் என்பதுதான் அதன் உட்பொருள். தெலுங்கர் மட்டும் பழியும் இன்றிப் புகழும் இன்றி 'எடம சேதி வாட்டம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். நம் வீடுகளிலும் ஒரு கருவி பிடிப்பதற்கு இசைவாக இருந்தால், 'கைக்கு வாட்டமாக இருக்கிறது' என்கிறோம் அல்லவா? அந்த வாட்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: பழம் நறுக்கவும், பென்சில் சீவவும், கட்டுக் கயிற்றை அறுக்கவும் நாம் வைத்துக்கொள்ளும் பேனாக்கத்தி.

சிறு வயதில் நான் இடக்கையால் பலப்பம் பிடித்தபோது, என் பாட்டி கையைத் தட்டி மாற்றிவிட்டார். ஆகவே நான் எழுதுவதும் உண்பதும் வலக்கையால். கத்தியைப் பாட்டி கவனிக்கவில்லை போலும். அது மட்டும் இடக்கையிலேயே தங்கிவிட்டது. என் மகளுக்கும் இதே பழக்கம். ஆனால் காலம் மாறிவிட்டது. அவள் கையை யாரும் தட்டவில்லை. எழுதுவது உட்பட எல்லாமே அவளுக்கு இடக்கைதான்.

சென்ற ஆண்டு அவள் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டபோது, ஒரு மடக்குக்கத்தி வாங்கப் பேகம் பஜாருக்குச் சென்றேன். இவ்வூருக்குப் புதிதாக வந்த தமிழன்பர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே 'சாக்கு' என்று கேட்டால் கோணிப்பை வராது, கத்திதான் வரும். கடைக்காரர் பளபளப்பான கத்தி ஒன்றை எடுத்து வைத்தார். இடக்கைக்குச் சரிப்படுமா என்று கேட்டேன். "சாகிப், இடமும் வலமும் கைக்குத்தான் உண்டு. கத்திக்கு ஏது?" என்றார். வாக்கியம் அழகாக இருந்தது. நானும் நம்பி வாங்கிவந்தேன்.

அன்றிரவே அவள் ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக்கொண்டு கத்தியைத் திறக்க முயன்றாள். அலகு பாதி எழுந்து, வழுக்கி, வில்லின் வேகத்தோடு திரும்ப மடங்கி, அவள் விரலில் விழுந்தது. ஆழமான காயம் இல்லை. ஆனால் இரத்தம் வந்தது. நான் செய்தது என்ன? "உனக்குக் கவனமே இல்லை" என்று கடிந்துகொண்டேன். அவள் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டே, "அப்பா, கவனமாகத்தான் திறந்தேன். கத்தி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றாள்.

கத்தியை வாங்கிப் பார்த்தேன். அவள் கூறியது முற்றிலும் உண்மை. பாட்டி கையைத் தட்டினார். நான் சொல்லால் தட்டினேன். வேறுபாடு அவ்வளவுதான்.

கத்திக்கு இடம் வலம் உண்டு, நேயர்களே. முதலாவது, நகம் வைத்து இழுக்கும் பள்ளம். பெரும்பாலான மடக்குக்கத்திகளில் அது அலகின் ஒரு முகத்தில் மட்டுமே இருக்கும். வலக்கையாளர் பிடியை இடக்கையில் வைத்துக்கொண்டு, வலக்கைக் கட்டைவிரல் நகத்தால் இழுக்கும்போது, பள்ளம் அவர் பக்கம் நோக்கியிருக்கும். நாம் கைகளை மாற்றிப் பிடித்தால், அதே பள்ளம் மறுபுறம் போய்விடும். கட்டைவிரலுக்குக் கிடைப்பது வழவழப்பான எஃகுதான். நாற்பது ஆண்டுகளாக நானும் இப்படித்தான் திறந்து வந்திருக்கிறேன். பழகிவிட்டதால் இடர்ப்பாடு இடர்ப்பாடாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, பூட்டு. திறந்த அலகு மீண்டும் மடங்காதிருக்கச் சில கத்திகளில் பிடியின் உட்புறம் ஒரு தகடு வில்லாக வந்து நிற்கும். அதை வலக்கைக் கட்டைவிரல் தள்ளுமாறு அமைத்திருப்பார்கள். இடக்கையில் பிடித்தவர் ஆட்காட்டி விரலால் அதை நகர்த்த நேரிடும். அலகு மடங்கும் வழியிலேயே விரல் நிற்கும் ஆபத்தும் உண்டு. பிடியின் முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டுக்கு இந்தக் குறை இல்லை. முதுகு இரு கைகளுக்கும் பொது.

மூன்றாவது, கூர். அலகை நுனியிலிருந்து நேராக நோக்குங்கள். இரு புறமும் சமமாகச் சரிந்து கூராகியிருந்தால் நல்லது. ஒரு புறம் மட்டும் தீட்டிய அலகு ஒரு பக்கமாகவே இழுத்துச் செல்லும். செடிகளில் ஒட்டுப் போடுவதற்கான கத்திகள் பலவற்றை ஒரு புறம் மட்டும் தீட்டுவது வழக்கம்; ஆகவேதான் அத்தொழிலில் இடக்கையாளருக்கெனத் தனிக் கத்திகள் செய்கின்றனர். வலக்கைக்கென ஒருபுறம் தீட்டிய கத்தியை இடக்கையில் பிடித்தால், ஆப்பிள் துண்டு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். பழி கையின் மேல் விழும்.

இனி, அலகு ஏன் மெல்லியதாக இருக்கவேண்டும்? தடித்த அலகு ஓர் ஆப்பு. அது பழத்தை அறுப்பதற்கு முன்பே பிளந்துவிடும். எலுமிச்சையை நறுக்குவதற்குப் பதிலாக நசுக்கும். மெல்லிய அலகுக்கு அழுத்தம் குறைவாகப் போதும். அழுத்தம் குறைந்தால் வழுக்கலும் குறையும். ஆனால் மெல்லிய அலகைக் கொண்டு டப்பா மூடியை நெம்புவதோ, திருகாணியைத் திருப்புவதோ கூடாது, நுனி ஒடிந்துவிடும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லை உண்டு.

இந்தக் குணங்கள் கொண்ட கத்தி புதிய கண்டுபிடிப்பு அன்று. ஓலையில் எழுதிய காலத்தில் நம் முன்னோரிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் ஓலை நறுக்கும் சிறு கத்தி. இரண்டும் மடங்கிப் பிடிக்குள் அடங்கும். ஜப்பானில் மீக்கி என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 'ஹிகோனொகாமி' என்ற எளிய கத்தியைச் செய்து வருகின்றனர். அதில் நகப் பள்ளத்தை நம்பவேண்டியதில்லை. அலகின் முதுகோடு சேர்ந்து நீண்ட ஒரு சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு எழும். எந்தக் கை என்று அது கேட்பதில்லை. அதற்குப் பூட்டு இல்லை. நறுக்கும்போது கட்டைவிரல் அந்த வாலின் மேலேயே இருக்கவேண்டும். பிரான்சில் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் உழவர்களுக்காக வடிவமைத்த மரப்பிடிக் கத்தி இன்றும் விற்பனையாகின்றது. அதன் 8ஆம் எண் அளவில் அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளம். தடிமன் ஒன்றரை மில்லிமீட்டரைச் சிறிதே கடக்கும். மடக்கிய நிலையிலும் அலகின் முதுகு பிடிக்கு வெளியே தெரிவதால், நகத்தை மறந்து இரு விரல்களால் கிள்ளியே திறக்கலாம். 1955இல் சேர்த்த திருகு வளையம் கழுத்தைச் சுற்றி நின்று அலகைப் பூட்டுகின்றது. மழைக்காலத்தில் மரப்பிடி ஊறி இறுகும் என்பது அதன் குறை.

இவற்றிலிருந்து நான் கற்ற பாடம் இது: 'இடக்கைக் கத்தி' என்ற பெயரில் தனியாகச் செய்ததைத் தேடி அலையவேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற சிவப்புக் கத்தியில் இடக்கையாளருக்கென மாற்றி அமைத்த வகை உண்டு. ஆனால் நம் கடைத்தெருக்களில் அது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் மிகுதி. எந்தக் கைக்கும் சாயாத எளிய அமைப்பே நமக்கு வாட்டமானது. பெரும்பாலும் மலிவானதும் அதுவே. வெளிநாட்டுக் கத்தி கைக்கெட்டாவிட்டால், உள்ளூர்க் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கத்திகளிலேயே தேடுங்கள். இரு விரல்களால் கிள்ளித் திறக்க இயலுகின்றதா, பூட்டு முதுகிலோ கழுத்திலோ உள்ளதா, கூர் இருபுறமும் சமமா, அலகு மெல்லியதா என்ற நான்கு வினாக்களைக் கேளுங்கள். கடையிலேயே இடக்கையால் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும், விரல் நம்முடையது.

துருப்பிடிக்காத எஃகானால் பராமரிப்புக் குறைவு. கரி எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்டால் கறுக்கும். நறுக்கியவுடன் துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி வைக்கவேண்டும். கல்லில் தீட்டும்போது இரு புறமும் எண்ணிக்கை மாறாமல் தீட்டுங்கள். இல்லாவிடில் சமமான கூரும் நாளடைவில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

வெளி மாநிலங்களுக்குப் பயணம் செய்யும் அன்பர்கள் சட்டத்தையும் அறிந்திருப்பது நலம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வரிசையில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் உரியவற்றுக்கு விலக்கு உண்டு. விசையை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகள் பற்றி டெல்லியில் 1980இல் தனி அறிவிப்பே வெளியாயிற்று. நமக்கு அத்தகைய கத்தி தேவையும் இல்லை. விமானத்தில் செல்வோர் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவேண்டும்.

இவ்வூர் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பேரரசி நூர்ஜகானின் பழம் நறுக்கும் கத்தி என்று ஒன்றைக் காட்டுவார்கள். விடுமுறையில் வந்திருந்த மகளோடு அதைப் பார்க்கச் சென்றேன். கல்லிழைத்த பிடியை எல்லோரும் வியந்துகொண்டிருக்க, அவள் மட்டும், "அரசி எந்தக் கையால் நறுக்கியிருப்பார், அப்பா?" என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. அவளுடைய கைப்பையில், கிள்ளித் திறக்கும் சாதாரண மரப்பிடிக் கத்தி ஒன்று அன்று இல்லை. அருங்காட்சியகக் காவலருக்கு அஞ்சி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். திரும்பியதும் அதைக் கொண்டுதான் கொய்யா நறுக்கினாள். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

உலகில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இடக்கைப் பழக்கம் உடையவர்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவர் கையிலிருந்து ஏதேனும் வழுக்கினால், கையைக் கடிந்துகொள்வதற்கு முன் கருவியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.