பூட்டிய பெட்டியும் பொறித்த பாறையும்

 

பச்சைமலை அடிவாரத்து உழவர் அனைவரும் விதையின் அறத்தை அறிவர். நல்விதையைக் குதிரில் பூட்டி வைத்தால் வண்டு தின்னும். அடுத்த நிலத்தானுக்கும் கொடுத்து வைத்தால், தன் நிலம் பொய்த்த ஆண்டில் அவனிடமிருந்தே அதைத் திரும்பப் பெறலாம். கொடுத்தவன் கெட்டதில்லை; பூட்டியவனே கெட்டான். இசைக்கும் இவ்வறமே பொருந்தும். அதை மறந்ததும் ஒரு காரணமாகத் தமிழினம் இழந்த பெருஞ்செல்வமே யாழ்.

யாழ் என்பது ஒரு தனிக் கருவியன்று. ஒரு கருவிக் குடும்பம். 21 நரம்புடையது பேரியாழ், 19 நரம்புடையது மகரயாழ், 14 நரம்புடையது சகோடயாழ், 7 நரம்புடையது செங்கோட்டியாழ் எனச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் வகுத்துரைக்கிறார். அந்த யாழும் தனித்து மட்டும் ஒலித்ததன்று. மாதவியின் அரங்கேற்றத்தில் குழல் முன்னே செல்ல, அதன் வழியே யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதன்பின் முழவும், அதனோடு ஆமந்திரிகையும் கூடியிசைத்ததை இளங்கோவடிகள் காட்டுகிறார். இன்று கூட்டிசை எனப்படுவது இதுவே. எக்கருவி முந்துவது, எது பின்தொடர்வது என்னும் ஒழுங்கு அன்றே தமிழர்க்கு இருந்தது.

ஆயினும் என்ன பயன்? ஒழுங்கு இருந்தது என்பது தெரிகிறதேயன்றி, எந்த நரம்பை எப்பொழுது தொட்டனர் என்பது தெரியவில்லை. விரலிலிருந்து விரலுக்குச் சென்ற இசை, வழிமுறை அறுந்த இடத்தில் தானும் அறுந்தது. பெருநாரை, பெருங்குருகு முதலான இசைநூல்கள் அடியார்க்குநல்லார் காலத்திற்கு முன்பே இறந்துபட்டன. பெயர் மட்டும் எஞ்சியது, இசை எஞ்சவில்லை.

இவ்விருளுக்கு நடுவே ஒரு பாறை ஒளிவிடுகிறது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில், ஏழு பிரிவாக இசைக்குறிப்புகளைப் பாறையில் பொறித்து வைத்தான் ஓர் அரசன். அவன் யாவன் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுத்து கிரந்தம், மொழி வடமொழி. ஆயினும் இறுதியில் எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியன என்னும் பொருளில் தமிழ்த்தொடர் ஒன்று நிற்கிறது. அது நரம்புகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் என்பர் அறிஞர் சிலர். எவர் நலனுக்காகப் பொறித்தான் என்பதையும் அவன் மறைக்கவில்லை. மாணவர் நலனுக்காக என்றே எழுதி வைத்தான். ஓலையைப் பெட்டியில் பூட்டலாம். பாறையைப் பூட்ட முடியாது. அந்த மாணவரெல்லாம் மறைந்தனர். அந்தக் குறிப்பு இன்றும் நிற்கிறது.

பிற்காலத்தில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். 1904-ஆம் ஆண்டு, தமிழ் மண்ணாகிய எட்டயபுரத்தில், சுப்பராம தீட்சிதர் தொகுத்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அச்சேறியது. காத்து வைத்ததைத் துணிந்து வெளியிட்ட அவர் உழைப்பு போற்றத்தக்கதே. ஆனால் அந்நூல் தெலுங்கில் வந்தது. சென்னை மியூசிக் அகாதெமி அதைத் தமிழில் வெளியிடத் தொடங்கியதோ 1961-இல்தான். தமிழ் மட்டுமே அறிந்த வீணை மாணவன் 57 ஆண்டுகள் வாயிற்படியில் நின்றான். எழுதி வைத்தால் மட்டும் போதாது, கற்பவன் மொழியில் எழுதி வைக்கவேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் இதை உணர்ந்தவர். மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசைக்குச் செலவிட்டு, 1912-இல் இசைச் சங்கம் நிறுவி, இசைவாணரைத் தஞ்சைக்கு அழைத்து மாநாடுகள் கூட்டினார். கருணாமிர்த சாகரத்தை 1917-இல் தமிழிலேயே எழுதித் தம் சொந்த அச்சகத்தில் அச்சிட்டு வழங்கினார். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளோ அரங்கேற்று காதையையே அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து யாழ்நூலைப் படைத்தார். அது கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். அவர் எழுதாது நெஞ்சிலேயே வைத்திருந்திருப்பின், அந்த ஆராய்ச்சி முழுதும் அவரோடு போயிருக்கும்! எழுதியதால் பிழைத்தது. பகிர்ந்ததால், யாழை மீண்டும் செய்ய முயலும் இளைஞர்க்கு இன்று வழிகாட்டியாய் நிற்கிறது.

இனிச் செய்யவேண்டுவது யாது? தஞ்சை வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்குக் காப்பு வந்தது. அதில் மீட்டும் கூட்டிசைக்கும் காப்பு வேண்டும். வீணையில் 24 மெட்டுகள். மீட்டும் நரம்பு நான்கு, தாள நரம்பு மூன்று. மூன்று வீணைகள் கூடினால் மூவரும் ஒன்றையே மீட்டவேண்டுவதில்லை. ஒருவர் சமனில் பாட்டை நடத்தலாம். ஒருவர் மெலிவில் அதற்கு விடை கூறலாம். மூன்றாமவர் குரலும் இளியும் ஒலிக்கத் தாளம் காக்கலாம். இம்மூன்று பகுதிகளையும் தனித்தனி வரியாக, பண், தாளம், விரல்முறை குறித்து, தமிழில் எழுதுங்கள். அமைத்தவர் பெயரை மேலே பொறியுங்கள். படியெடுத்துப் பிற ஊர்க் கலைஞர்க்கு விடுங்கள். அவர் கண்ட திருத்தத்தைக் கேட்டுப் பெறுங்கள். பாறையில் உளி கொண்டு பொறித்த உழைப்பெங்கே! கைப்பேசியில் ஒரு பக்கத்தைப் படம்பிடித்து விடுக்கும் நொடிப்பொழுதெங்கே!

தாளைப் பார்த்து மீட்டினால் குழைவு வருமோ எனச் சிலர் கேட்பர். அக்கேள்வியில் உண்மை உண்டு. நரம்பை இழுத்து எழுப்பும் குழைவு முழுமையும் எழுத்தில் அடங்காது, ஆசிரியர் வேண்டும். ஆனால் ஆசிரியர் இல்லாத ஊரில் ஏடும் இல்லையென்றால் அங்கே எஞ்சுவது வெறும் பலாக்கட்டையே. ஆசிரியரின் பிழைப்பு கெடும் என்பாரும் உளர். பெயரை மறைத்துத் திருடுவதுதான் பிழைப்பைக் கெடுக்கும். பெயர் சொல்லிப் பகிர்ந்த ஏடோ, அவரிடம் நேரில் கற்க விழையும் மாணவரைத் தேடிக் கொணரும். உழைத்து அமைத்தவர்க்கு இயன்ற பொருள் தருவதும் பெறுவோர் கடனே.

பெரம்பலூர் வட்டாரச் சிற்றூரில் வீணையோடு தனித்திருக்கும் ஒரு சிறுமியை எண்ணுங்கள். அவளுக்கு ஒரு வரி, ஆத்தூரில் ஒருவர்க்கு ஒரு வரி, அரியலூரில் ஒருவர்க்கு ஒரு வரி. மூவரும் ஒருநாள் ஓரிடத்தில் அமர்ந்தால் அன்று வேப்பந்தட்டையிலும் கூட்டிசை எழும். யாழைத் தமிழர் ஒருமுறை இழந்தது போதும். பெட்டியைத் திறவுங்கள், ஏட்டைப் பகிருங்கள், தமிழில் எழுதுங்கள்!