கச்சேரி வாசலும் வீட்டு வாசலும்



1957ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டு அகன்றது. அதே ஆண்டிலே இலண்டன் மாநகரில் வுல்பெண்டன் குழுவினர் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். பராயமடைந்த ஆண்கள் இருவர் மனமொத்துத் தனிமையிற் கொள்ளும் உறவைச் சட்டம் தண்டித்தல் கூடாது என்பது அவ்வறிக்கையின் முடிபு. பத்தாண்டுகள் கழித்து, 1967இல், இங்கிலாந்தும் வேல்சும் தம் சட்டத்தைத் திருத்திக்கொண்டன. நமக்கோ 1883ஆம் ஆண்டில் அவர்கள் எழுதித் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும், அதனோடு சேர்ந்த 365அ பிரிவும் அப்படியே எஞ்சின. கப்பல்கள் போயின, சட்டம் போகவில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தமோ, அதுவரை ஆடவரை மட்டுமே சுட்டிய 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்துவிட்டது! தன்பாலாரை விரும்புதல் மேனாட்டிலிருந்து வந்த கேடு என்று நம்மிடையே சொல்வார் பலர் உளர். மேனாட்டிலிருந்து வந்தது தண்டனையே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் இன்று நான் சட்டத்தைப் பற்றிப் பேச வரவில்லை. நம் வீடுகளைப் பற்றியே பேச வந்தேன்.

சம உரிமை என்னும் சொல்லைத் திருகோணமலைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய சில வாரங்களுக்குள், தமிழரசுக் கட்சியின் மாநாடு இவ்வூரிலேயே கூடிற்று. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து தொண்டர்கள் கால்நடையாகவே வந்து சேர்ந்தனர். 1961இல் கச்சேரி வாசலிலே சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அங்கே அமர்ந்தவர்களுள் என் சிற்றப்பாவும் ஒருவர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. வெயிலிலே தரையில் அமர்ந்திருந்ததையும், இராணுவம் வந்ததையும் இறுதிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். "நாங்கள் சலுகை கேட்கவில்லை, தம்பி, சரிசமமாய் இருக்கவே கேட்டோம்" என்பார்.

அவருடைய மூத்த மகன் இன்னோர் ஆடவனோடு வாழ விரும்புவதாக ஒரு நாள் வீட்டில் சொன்னான். அன்று மாலையே சிற்றப்பா அவனை வெளியேற்றினார். அவன் ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்து ஓரிரவு தங்கினான். மறுநாள் காலை, "எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்" என்று பேருந்துக் கட்டணம் கொடுத்து அனுப்பியவன் நான். அதனை உதவி என்றே அந்நாளில் நினைத்திருந்தேன்.

சிற்றப்பா காலமானபொழுது, அவன் வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று பெரியவர்கள் கூறினர். மகன் உயிரோடிருக்க, கொள்ளி வைத்தவன் நான். அவனுடைய தொலைபேசி இலக்கம் அப்பொழுது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இத்தகைய முரண் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திலே பேயார்ட் ரஸ்டின் என்று ஒருவர் இருந்தார். காந்தியடிகள் மறைந்த 1948ஆம் ஆண்டிலே இந்தியா சென்று அறப்போர் முறையை நேரிற் பயின்றவர். மார்ட்டின் லூதர் கிங்கிற்கு அம்முறையிலே துணைநின்றவர். அவர் ஆடவரை விரும்புபவர் என்பது பலரும் அறிந்த செய்தி. 1960இல் அவரை இயக்கத்தினின்றும் விலகச் செய்தவர் வெள்ளை நிறவெறியர் அல்லர். ஹார்லத்திலிருந்து தெரிவான கறுப்பின உறுப்பினர் ஆடம் கிளேற்றன் பவலே, கிங்கையும் ரஸ்டினையும் இணைத்துப் பொய்ப்பழி பரப்புவதாக அச்சுறுத்தினார். கிங் தயங்கினார், ரஸ்டின் விலகினார். அத்தயக்கத்தை நான் எளிதிற் பழிக்க மாட்டேன். பேருந்துக் கட்டணம் கொடுத்தவனன்றோ நான்!

மூன்றாண்டுகளுக்குப் பின் வாஷிங்டன் பேரணிக்குத் திட்டமிட்டபோது, ரஸ்டினைத் தலைமை அமைப்பாளராக்க இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பெழுந்தது. முதுபெரும் தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ரண்டோல்ப் அப்பொறுப்பைத் தாமே ஏற்று, ரஸ்டினைத் தமக்குத் துணைவராக்கிக்கொண்டார். பேரணிக்குச் சில நாள்களுக்கு முன், செனற் சபையிலே தேர்மண்ட் என்பவர் ரஸ்டினின் பழைய கைதைச் சொல்லி இழித்துரைத்தார். ரண்டோல்ப் அசையவில்லை. 1963 ஆகஸ்ட் 28இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் அமைதியாகக் கூடிக் கலைந்தனர். அவ்வொழுங்கு ரஸ்டினின் கைவேலை.

நம்மிடையே ரண்டோல்ப் போன்ற நெஞ்சுரம் இருந்ததில்லையா? இருந்தது. மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது, தாம் அம்மலையகத்தவரல்லாதிருந்தும், தம் கட்சியையே முறித்துக்கொண்டு 1949இல் வெளியேறினார் செல்வநாயகம். பிறருடைய உரிமையைத் தம் வழக்காகக் கொண்ட செயல் அது. ஆனால் அதே சமூகம் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே தன் மக்களையே மறித்து நின்றதையும் மறைத்தலாகாது. இரண்டும் நாமே. முன்னதை மேடையிலே சொல்லுகிறோம். பின்னதை அடுத்த தலைமுறை கேட்டால் பேச்சை மாற்றுகிறோம். தன்பாலீர்ப்புடையோர் திறத்தில் நாம் இன்றும் கோயில் வாசலிலேயே நிற்கிறோம்.

'இப்பொழுது இது எதற்கு? முதலில் இனத்துக்கு நீதி வரட்டும்' என்பது பலர் கூற்று. என் சிற்றப்பாவும் இதைத்தான் சொன்னார். கச்சேரியிலே, முதலில் நாட்டின் ஒற்றுமை, பிறகு உங்கள் மொழி என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த மறுமொழியை நான் அவருக்கே நினைவூட்டியிருக்கலாம். நினைவூட்டவில்லை.

இப்பிரிவுகளை நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை. ஒரு நாள் ஆகலாம். ஆனாலும் ஒருவனைத் தந்தையின் சிதையருகே நிற்க விடுவதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் நமக்கு வேண்டியிருக்கவில்லை.

சென்ற மாதம் அந்த இலக்கத்துக்குப் பேசினேன். அவனே எடுத்தான். நெடுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. வருகிற ஆடி அமாவாசையன்று தந்தைக்குரிய கடனைக் கோணேசர் மலையடிக் கடலிலே செய்ய வேண்டியவன் அவனே என்றேன். தன்னோடு வாழ்பவரையும் அழைத்து வரலாமா என்று கேட்டான். வரச் சொன்னேன். சின்னம்மா இதைக் கேட்டு அழுதார். பின்பு அவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று விசாரித்தார். அன்றைய விரதச் சமையலில் காத்தோட்டிக்காய் இருக்குமா என்று மட்டும் அவன் கேட்டிருக்கிறான், அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.