விடை தராத சேவையகம்

ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு ஏடுகளை எல்லாம் நாள்தோறும் இரவில் படியெடுத்து வைக்கும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படுவதாகக் கொள்வோம். அவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி எவ்வாறு படியெடுப்பது என்பதன்று. ஏடுகள் எந்தெந்த அறைகளில் இருக்கின்றன என்பதே. வியப்பு என்னவெனில், இக்கேள்விக்கு முழுமையாக விடை கூறவல்லார் ஒருவரும் இல்லாத நிறுவனங்கள் பல.

இன்று ஏடுகளின் இடத்தைத் தரவுத்தளங்கள் பிடித்துக்கொண்டன. சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, நோயாளர் குறிப்பு, மாணவர் மதிப்பெண் ஆகிய யாவும் கணிப்பொறியில் வகைப்படுத்தி வைக்கப்பட்டு, வேண்டுவோர்க்கு எடுத்துத் தரப்படுகின்றன. அவ்வாறு எடுத்துத் தருவதைச் சேவையகம் என்கிறோம். 'சர்வர்' என்றே வழங்குவாரும் உளர். ஒரு பிரிவினர் தம் தேவைக்கென ஒரு சேவையகத்தை நிறுவுவர். நிறுவியவர் சில ஆண்டுகளில் வேறிடம் சென்றுவிடுவார். பொறி மட்டும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டேயிருக்கும். அதற்குக் காப்புப்படி உண்டா என்று கேட்பார் இலர். இக்குறையைப் போக்கவே, காப்புப்படி எடுக்கும் மென்பொருள்கள் பல, வலையமைப்பில் தாமே தேடித் தரவுத்தளங்களைக் கண்டறியுமாறு ஆக்கப்பட்டுள்ளன.

தேடுவது எங்ஙனம்? மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் 'எஸ்.க்யூ.எல். சர்வர்' என்பதை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறிக்கு எண்ணிட்ட வாயில்கள் பல உண்டு. இச்சேவையகம் வழக்கமாக அமர்வது 1433ஆம் வாயிலில். 2000ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், ஒரே பொறியில் இத்தகைய சேவையகங்கள் பல, தனித்தனிப் பெயருடன் இயங்கலாம் என்றாயிற்று. பின்னால் வந்தவை தமக்குக் கிடைத்த வாயிலில் அமர்கின்றன. அவ்வெண் மாறவும் கூடும். ஆகவே வருவோர்க்கு வழி சொல்ல, 1434ஆம் வாயிலில் ஒரு வழிகாட்டி நிறுத்தப்பட்டது. தேடும் மென்பொருள் ஒரே ஒரு பைட் அளவுள்ள வினாவை அக்கம்பக்கத்துப் பொறிகள் அனைத்திற்கும் ஒருசேர அனுப்புகிறது. ஒவ்வொரு வழிகாட்டியும் தன் பொறியின் பெயர், அதில் இயங்கும் சேவையகங்களின் பெயர்கள், அவற்றின் பதிப்பு எண், வாயில் எண் ஆகியவற்றை மறுமொழியாகத் தருகிறது. சில நொடி காத்திருந்து மறுமொழிகளைத் தொகுத்தால் பட்டியல் ஆயத்தம்.

இது தண்டோரா போடுவதை ஒத்தது. தண்டோராவின் ஒலி ஊர் எல்லையோடு நின்றுவிடும்; இவ்வினாவும் அவ்வாறே. ஒரு வலையமைப்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கடத்தும் 'ரௌட்டர்' என்னும் கருவி, இத்தகைய பொது வினாவைப் பொதுவாக அப்பால் செல்ல விடுவதில்லை. அடுத்த கட்டடத்துச் சேவையகம் பட்டியலில் வாராமைக்கு இதுவே காரணமாகலாம். வழிகாட்டி நிறுத்தப்பட்டிருக்கலாம், தீச்சுவர் என்னும் காவல் ஏற்பாடு வினாவைத் தடுத்திருக்கலாம். எவ்வாறாயினும், தேடும் மென்பொருளுக்குக் கிட்டுவது மௌனம் ஒன்றே. இல்லாத சேவையகத்தின் மௌனமும், இருந்தும் பேசாத சேவையகத்தின் மௌனமும் அதற்கு ஒன்றுதான்.

வழிகாட்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். 2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் அதற்கு விடை தரும். 'ஸ்லாமர்' என்று பெயர் பெற்ற கணிப்பொறிப் புழு ஒன்று, இந்த 1434ஆம் வாயில் வழியாகவே நுழைந்தது. அதன் அளவு 376 பைட்டுகளே. பத்தே நிமிடங்களில், உலகெங்கும் அதற்கு இரையாகத்தக்க பொறிகளுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதன் வயப்பட்டன. அமெரிக்காவில் பணம் வழங்கும் பொறிகள் செயலிழந்தன. இத்தனைக்கும், அக்குறையை நீக்கும் திருத்தம் 2002ஆம் ஆண்டு ஜூலையிலேயே வெளியிடப்பட்டிருந்தது! தம்மிடம் அச்சேவையகம் இயங்குகிறது என்றே பலர் அறியாதிருந்தனர்; வேறு மென்பொருளோடு சேர்ந்து உள்ளே வந்தது அது. இதன்பின் கவனமுள்ள நிருவாகிகள் அவ்வாயிலை அடைக்கலாயினர். புழு நுழையாது, காப்புப்படிக்காகத் தேடுவோரின் வினாவும் நுழையாது. எளிதில் காணத்தக்கதாயிருப்பது பாதுகாப்பா, ஆபத்தா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

வேறு வழிகளும் உண்டு. ஆரக்கிளுக்கு 1521, மையெஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432 என்று வழக்கமான வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். ஆயின் கள்வனும் அவ்வாறே தட்டுவானாதலின், காவல் மென்பொருள் கூக்குரலிடும். நிறுவனத்தின் மையப் பதிவேட்டைப் புரட்டலாம். அதிலோ, இறந்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் நீடிப்பதுபோல், என்றோ அகற்றப்பட்ட சேவையகங்களின் பெயர்கள் நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு பொறியினுள்ளும் முகவர் போன்ற ஒரு சிறு மென்பொருளை அமர்த்தி உள்ளிருந்தே பார்ப்பது இவற்றினும் நம்பத்தக்கது என்பது என் கருத்து. ஆனால் பொறி இருப்பதே தெரியாதபோது முகவரை எங்கே அமர்த்துவது?

ஆதலின் தேடிக் கிட்டிய பட்டியலை மட்டும் நம்பிக் காப்புப்படி எடுத்தல் தகாது. நேற்றைய பட்டியலோடு இன்றையதை ஒப்பிட வேண்டும். நேற்றிருந்த ஒன்று இன்று காணாமற்போனால், மென்பொருள் அதனை வாளா விட்டுவிடாமல் உரத்துக் கூற வேண்டும். அக்கூற்றும் ஒரு மனிதரின் செவியை எட்ட வேண்டும்.

அது எட்டாமற்போனது 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் வெளிப்பட்டது. கிட்லேப் என்னும் நிறுவனத்தில், பணியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்பட்டதாக எண்ணிய காப்புப்படிகளைத் தேடினர், வைப்பிடம் வெறுமையாயிருந்தது. படியெடுக்கும் கருவி, போஸ்ட்கிரெஸ்ஸின் எந்தப் பதிப்பு இயங்குகிறது என்பதைத் தானே கண்டறியுமாறு அமைந்தது. அஃது ஓடிய பொறியிலோ தரவுத்தளம் இல்லை. அடையாளம் கிட்டாமையால் 9.2 என்று தானே முடிவு செய்துகொண்டது; உண்மையில் இருந்ததோ 9.6. பழைய கருவி புதிய தரவுத்தளத்தைப் படியெடுக்க மறுத்து நின்றது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் புறப்படத்தான் செய்தன. உரிய கையொப்பம் இல்லாமையால் பெறுமிடத்தில் அவை தள்ளப்பட்டன. விபத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்னர், வேறொரு காரியத்துக்காக ஒருவர் கைப்பட எடுத்து வைத்திருந்த படியிலிருந்தே தரவுத்தளம் மீட்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆறு மணி நேரத்துத் தரவுகள் திரும்பவில்லை.